மேலுதடு

எனக்குக் குரல் பெரிது. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மேசையின் இந்தக் கோடியில் நின்று ஒருவரைத் திட்டினால், அந்தக் கோடியில் துணி விரிப்பவர் மட்டுமல்ல, மாடியில் செக்கிங் செய்யும் பெண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கோபம் எப்போதும் என் மூக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். வந்த வேகத்தில் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் அது போனது எனக்குத்தான் தெரியும், திட்டு வாங்கியவருக்குத் தெரியாது.

குரலைப்போலவே மீசையும் பெரிது. இருபது வயதில் வைத்தது. மேலுதட்டை முழுக்க மூடி, இரண்டு பக்கமும் தாடையை நோக்கி இறங்கும். நான் டீ குடித்தால் முதலில் மீசை குடித்து, மிச்சம்தான் எனக்கு வரும் என்று என் மனைவி கேலி செய்வாள். கம்பெனியில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, மீசை மாஸ்டர் என்றால் வாட்ச்மேன் நேராகக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

அப்பா சோமனூரில் நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். அவருக்குக் காது எந்த வருடம் போனது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது. தறி ஓட்டியவர்களுக்குக் காது மந்தம் என்பது அந்தப் பக்கத்தில் செய்தியே இல்லை. அம்மா இருந்தவரை அது குறையாகவும் தெரியவில்லை. யார் என்ன கேட்டாலும் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா சத்தமே இல்லாமல் உதட்டை அசைப்பார். அப்பா பதில் சொல்லிவிடுவார். இது எங்கள் கண்ணெதிரே அத்தனை வருடம் நடந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு வந்து இருந்தார். அப்போதுதான் தெரிந்தது. காப்பியா டீயா என்றால் "ஆமா கண்ணு" என்பார். வெளியே போகிறீர்களா என்றாலும் "ஆமா கண்ணு"தான், ஆனால் நாற்காலியை விட்டு எழமாட்டார். குக்கர் நாலு விசில் அடித்து அடங்கும்வரை அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாளில் படம் பார்த்துக்கொண்டிருப்பார். படம்தான் பார்ப்பார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அதனால் எழுதிக் காட்டும் வழியும் எங்களுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் காது மெஷின் கொடுத்தார்கள். ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஜாப் ஒர்க்குக்காக இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். காது மெஷின் அந்தச் சத்தத்தைத்தான் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது.

"மறுபடியும் தறிக்குள்ளயே கொண்டுபோய் உக்கார வெச்சாப்பல இருக்குது கண்ணு" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, அதைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

என் மனைவி விடவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், என்னையும் லீவு போடவைத்து இழுத்துக்கொண்டு போனாள். இந்த முறை வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் இல்லையாம். காது கேளாத பெரியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எப்படிப் பேசிப் பழகுவது என்று சொல்லித்தருவதுதான் அவர் வேலையாம். சின்ன வயதுப் பெண். நாங்கள் டீச்சரம்மா என்றே கூப்பிட்டோம்.

"மெஷின் பாதி வேலதாங்க செய்யும். மீதி வேல ஊட்ல இருக்கறவங்களோடது" என்று அந்தம்மா ஆரம்பித்தார். எனக்கு அப்போதே லேசாக எரிச்சல் வந்தது. காது போனது அப்பாவுக்கு, பரீட்சை எங்களுக்கா என்று நினைத்தேன்.

முதலில் அப்பாவுக்கு ஒரு சோதனை வைத்தார். தன் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு சாதாரணக் குரலில் ஏதோ பேசினார். அப்பா "ஆமாங்க" என்றார். அடுத்ததற்கும் "ஆமாங்க". பிறகு அட்டையை எடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அதே குரலில் பேசினார்.

"இன்னிக்கு வெயில் அதிகமா இருக்குதுங்களா?"

"மழ வருமாட்ட இருக்குதுங்க. காத்தே இல்ல பாருங்க" என்றார் அப்பா.

அந்தம்மாவுக்கே ஆச்சரியம். அடுத்தடுத்துக் கேட்டார். அப்பா ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு துடிப்பைப் பார்த்தேன்.

"தறிக்குள்ள இப்படித்தாங்க பேசிக்குவோம். அந்தச் சத்தத்துல வாயத் தொறந்து கத்தி என்னுங்க ஆவப்போவுது? வாயப் பாத்தாப் போதும், அடுத்த வரிசத் தறிக்காரன் என்ன சொல்றான்னு தெரிஞ்சுபோவும்" என்றார்.

பிறகு என் மனைவியைப் பேசச் சொன்னார்கள். அவள் சொன்னது முழுவதும் அப்பாவுக்குப் புரிந்தது. கடைசியில் என் முறை. அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "என்னங்கப்பா, காத்தால சாப்ட்டது செரிச்சுதுங்களா?" என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், மூக்குக்குக் கீழே பார்த்தார், திரும்பி என் மனைவியைப் பார்த்தார். நான் இன்னும் உரக்கக் கேட்டேன். மறுபடியும் அவளைத்தான் பார்த்தார்.

டீச்சரம்மா அவரிடம், "பையன் பேசறது தெரியலீங்களா?" என்று கேட்டார்.

"இவனுக்கு வாய் எங்கீங்க இருக்குது? மீசதான் ஆடுது" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவரே சொன்னார்: "இவன் பேசறது எனக்கு ரொம்ப வருசமாவே தெரியறதில்லீங்க. என்ன சொல்றான்னு இவங்கம்மாகிட்டக் கேட்டுக்குவேன். இப்ப அவளும் இல்ல."

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்போடு நானும் அதைக் கடந்துவிட்டேன். இன்றுதான் அது புரிகிறது. அத்தனை வருடமும் என் குரல் அவருக்கு அம்மாவின் உதட்டில்தான் கேட்டிருக்கிறது.

டீச்சரம்மா எங்களுக்குப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, தோளைத் தொட்டு, எதிரில் வந்து நின்ற பிறகுதான் பேச வேண்டும். வாசலுக்கு முதுகு காட்டி நின்றால் நம் முகம் இருட்டாகிவிடும், அதனால் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கத்தக் கூடாது. கத்தினால் வாய் கோணும், முகம் கோபமாகத் தெரியும், சொல் மட்டும் புரியாது. ஒரு தடவை புரியவில்லையென்றால் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல உடுங்க" என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. அப்பாவுக்கும் பாடம் இருந்தது. புரியாததற்கு "ஆமாங்க" போடக் கூடாது. கையைத் தூக்கி நிறுத்தி, புரிந்தவரைக்கும் திருப்பிச் சொல்லி, மீதியைக் கேட்க வேண்டும்.

"முகங்கொடுத்துப் பேசுங்க, அது போதும்" என்றார். கிளம்பும்போது என்னைத் தனியாகப் பார்த்து, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "சார், மீசைய எடுக்கச் சொல்லலைங்க. மேலுதட்டோட ஓரம் தெரியறாப்பல கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டிவிடுங்க. ஒரு நகத்தளவுதான்."

பார்க்கலாம் என்றேன். வண்டியை எடுக்கும்போதே தீர்மானித்துவிட்டேன், அது மட்டும் நடக்காது என்று.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் மாற்றினாள். அப்பாவின் நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் போட்டாள். சாப்பிடும் நேரத்தில் டிவி கூடாது என்றாள். காது மெஷினை டப்பாவிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டு ஓவர்லாக் நின்ற பிறகு மட்டும் மாட்டிவிட்டாள். எதுவானாலும் தோளைத் தொட்டு, எதிரில் போய் நின்று, "மாமா, கரண்டு பில்லு விசயமுங்க" என்று தலைப்பைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பாள். அப்பாவும் சளைக்கவில்லை. புரியாவிட்டால் போலீஸ்காரர் மாதிரி கையைத் தூக்கி அவளை நிறுத்துவார். "கரண்டுங்கறது தெரிஞ்சுது, அப்பறம்?" என்பார். ஒரு மாதத்துக்குள் அவர்கள் இருவரும் ஊர்க்கதை பேசிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே அப்பாவின் சிரிப்பு கேட்கும். நான் நுழைந்ததும் நின்றுவிடும்.

வீட்டில் அப்பாவுக்குக் கேட்காத ஆள் நான் ஒருவன் மட்டும்தான் மிச்சம். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பது வயதில் அப்பாவுக்காகப் பெண்டாட்டிமேல் பொறாமைப்படுவதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் கத்தினேன்.

"கம்பெனில அந்த வடக்கத்தி ஆளுங்களுக்கு ஒரு வார்த்த தமிழ் தெரியாது. கைய ஆட்டி, மொகத்தக் காட்டி, துணியத் தொட்டுக்காட்டி, பத்துத் தடவ பொறுமையாச் சொல்றீங்கல்ல? பெத்த அப்பனுக்கு மட்டும் அந்தப் பொறும எங்கீங்க போவுது?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். வெட்டிய துணி லாட் கெட்டுப்போனால் முதலாளி என்னைக் கேட்பார். அப்பாவுக்குப் புரியாமல் போனால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

"அந்த நகத்தளவு வெட்டறதுல என்னதாங்க கொறஞ்சுபோவும்?" என்றாள்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, சோமனூரிலிருந்து அண்ணனைப் பார்க்க வந்திருந்தார். அவரும் தறிக்காரர், அவர் காதும் அரைக் காதுதான். மனைவி சமையல் பக்கம் போன நேரம் பார்த்து, சித்தப்பாவிடம் சொன்னேன்: "ஆஸ்பத்திரில என்ற மீசைய எடுக்கச் சொல்றாங்க சித்தப்பா."

ஓரத்தை வெட்டச் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. எடுக்கச் சொன்னார்கள் என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்பன் ஆத்தா உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுக்க மாட்டான். எடுத்துவிட்டு வெளியே போனால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "ஊட்ல ஆருக்கு என்னாச்சுங்க?" என்பதுதான். அம்மா போனபோது அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவர் அப்பா. கொள்ளி வைப்பவர்தான் மீசையை மழிப்பார், அதனால் அன்று என் மீசை தப்பியது. சித்தப்பா என்ன சொல்வார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும்.

"அண்ணன் குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறப்ப நீ மீசையில கத்தி வெப்பியா? என்ன பேச்சு பேசறீங்க ரண்டு பேரும்?" என்று அவர் எகிறினார். மனைவி ஓடிவந்து, எடுக்கச் சொல்லவில்லை, வெட்டத்தான் சொன்னார்கள் என்றாள். அரைக் காதுக்கு அது ஏறவில்லை. அபசகுனம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துபோனது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கோபமாக இருக்கிறான், மருமகள் கண்ணைத் துடைக்கிறாள், மகன் மீசை ஆடுகிறது. இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்திருக்கும். என்ன சங்கதி என்று கையைத் தூக்கிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல உடுங்கப்பா" என்றேன்.

அதற்குச் சில நாள் கழித்து அப்பா என் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"மாமா உங்களப் பத்திக் கேட்டாருங்க. 'அவனுக்கு எம்மேல என்ன கோவம் கண்ணு? நான் இங்க வந்து இருக்கறது புடிக்கலையா?'ன்னு கேட்டாரு. அதெல்லாம் இல்லீங்க மாமா, அவுரு கொரலே அப்படித்தான்னு சொன்னேன். 'நீ நல்ல புள்ள, நீ அப்படித்தான் சொல்லுவ'ன்னுட்டாரு."

தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு நாளும் சிவந்த முகத்தோடும் விரிந்த கண்ணோடும் மகன் எதையோ கத்துவதைப் பார்த்துக்கொண்டு, காரணம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் அவர். கோபமே இல்லை என்று அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. கை கழுவாமல் எழுந்து போனேன்.

போனவன் என்ன செய்தேன் தெரியுமா? வாசற்படியில் நின்றேன், வெளிச்சம் எனக்குப் பின்னால். தோளைத் தொடவில்லை. என்ன பேச்சு என்று சொல்லவில்லை. வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "எனக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்கப்பா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. அதே வார்த்தையை இன்னும் பெரிதாகக் கத்தினேன். அந்தத் துக்கத்தில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ தெரியாது.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"செரிங்க, செரிங்க" என்றார்.

மகனிடம் அவர் எப்போதும் "செரி கண்ணு" என்பவர். "செரிங்க" என்று துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நின்றதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். தறி முதலாளிக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்.

அன்று நான் அழுதேன். அன்றே கத்தரிக்கோலை எடுத்திருக்க வேண்டும். வீட்டில் இல்லாத கத்தரிக்கோலா? என் பிழைப்பே வெட்டுவதுதான். ஆனால் தங்கை மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நான் தாய்மாமன், மேடையில் நிற்க வேண்டியவன். மீசையில் கை வைத்து ஏதாவது கோணலாகிவிட்டால், போட்டோவில் தெரியும், சொந்தபந்தம் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகத்தளவு வெட்டியதை எவன் கண்டுபிடிக்கப்போகிறான் என்றாள் மனைவி. "கல்யாணம் முடிஞ்ச ஞாயித்துக்கெழம சலூனுக்குப் போறேன். இது சத்தியம்" என்றேன். அவள் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள்.

கல்யாணம் வியாழக்கிழமை. மண்டபத்தில் மேளமும் ஸ்பீக்கருமாக ஒரே இரைச்சல். அப்பா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நான் பந்திக்கும் மேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தபோது, வழியில் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சோறு தின்னியா கண்ணு?" என்றார்.

தலைக்கு மேல் வேலை. குனிந்து அவர் காதிலேயே கத்தினேன்: "அப்பறம் திங்கறேனுங்க!"

உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது அவருக்கு. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் இத்தனை பேர் முன்னால் தன்னைத் திட்டிவிட்டான் என்று நினைத்திருப்பார். அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "செரிங்க" என்று என் சட்டையை விட்டுவிட்டார்.

ஆல்பம் பிறகு வந்தது. குடும்பத்தோடு நிற்கும் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அப்பா மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கிறார். நான் போட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. என் மூக்குக்குக் கீழேதான் அவர் கண் இருக்கிறது. ஏதாவது பிடிபடுமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சனிக்கிழமை மதியம் எனக்குக் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். மூன்று மணிக்கு என் மனைவி அப்பாவுக்கு டீ கொண்டுபோயிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து, எப்போதும் போலத் தோளைத் தொட்டிருக்கிறாள். எதிரில் வந்து நின்று, "மாமா, டீங்க" என்றிருக்கிறாள். மறுபடியும் தோளைத் தொட்டிருக்கிறாள். அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

இதயம் நின்றிருக்கிறது, வலி இருந்திருக்காது என்றார் வந்து பார்த்த டாக்டர். அப்பாவின் முகம் சாந்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலி என் மனைவி போட்ட இடத்திலேயே, வருகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி, அப்படியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

மறுநாள் எடுத்தோம். மறுநாள் என்பது ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டிருந்த அதே ஞாயிறு. சொன்ன நாளில் மீசைக்குக் கத்தி வைத்தேன், சத்தியம் தவறவில்லை.

மயானத்தில் ஒரு கல்லின்மேல் என்னை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். சலூன்காரர் முதலில் தலையை மழித்தார். பிறகு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "உதட்ட உள்ள இழுத்துக்குங்க" என்றார். முப்பது வருடத்து மீசை. ஒரு பக்கம் நாலு இழுப்பு, மறு பக்கம் நாலு இழுப்பு. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மடியில் விழுந்ததைத் தட்டிவிட்டேன். மேலுதட்டில் காற்று பட்டது. அந்த இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

குளித்து, ஈர வேட்டியோடு வந்தேன். அப்பாவை விறகு அடுக்கின்மேல் கிடத்தி, முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வெயில் கிழக்கிலிருந்து அடித்தது. நான் நின்ற இடத்தில் அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன், வெளிச்சம் என் முகத்தில் விழும்படி. எதற்காகச் சுற்றுகிறான் என்று பங்காளிகள் பார்த்தார்கள். முறை மாறுகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கையை நீட்டி அப்பாவின் தோளைத் தொட்டேன். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"கோவத்தப் பத்திப் பேசறேனுங்கப்பா" என்றேன். என்ன பேச்சு என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

"எனக்கு உங்க மேல கோவமில்லீங்க."

அதற்கு மேல் வாய் நடுங்கியது. உதட்டை அடக்கி, நிதானமாக, வேறு விதமாகச் சொன்னேன். "நீங்க எங்கூட இருந்தது எனக்குப் புடிச்சிருந்துதுங்கப்பா."

பக்கத்தில் சித்தப்பா நின்றிருந்தார். அழுது வீங்கிய முகம். நான் ஏதோ சொல்கிறேன் என்பது தெரிந்து, என்ன சொல்கிறேன் என்பது கேட்காமல், அத்தனை வருடப் பழக்கத்தில் என் முதுகில் கை வைத்துச் சொன்னார்:

"சத்தமாச் சொல்லு கண்ணு. அண்ணனுக்குக் காது கேக்காது."

நான் சத்தம் போடவில்லை. மெதுவாகவே இன்னொரு முறை சொன்னேன்.